தெருவைப் பார்த்த ஷூக்கள்

வராஸ் ஊரில் விடுதி நடத்தும் தெயோஃபிலா, ஆண்டீஸ் பனிமலை ஏறப் போகிறவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் விட்டுப்போகும் சாதா ஷூக்களை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். அப்போதுதான் கால்கள் திரும்பி வருமாம். அறை, வேன் எல்லாம் தாங்களே பேசிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் கிளம்பிய மூவருக்கு மட்டும் மறந்துவிட்டாள்; அவை தெருவைப் பார்த்தே நின்றன. பிறகு திருப்பினால் பலிக்காது. சொன்ன நாளுக்கு மேல் இரண்டு நாள் ஆகிவிட்டது.

மத்தியானம், அடிவாரத்தில் காத்திருந்த வேன்காரன் மக்லோரியோ போன் செய்தான்.

"அக்கா, மூணு பேரும் இறங்கிட்டாங்க! சூப்பை அடுப்புல ஏத்து. மூடுபனியில வழி தவறி, யாரோ மூணு பேரோட கால்தடத்தைப் பிடிச்சே வந்திருக்காங்க. பனியில எந்தப் பைத்தியம் சாதா ஷூ போட்டு நடக்கும்னு ஒரே சிரிப்பு."

"வரட்டும், காதைத் திருகுறேன்" என்று கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

மூன்று ஜோடியும் வீட்டைப் பார்த்து நின்றன. அடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப அலைஞ்சிட்டீங்க" என்று, ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலில் வைத்தாள்.