சுவரில்லாக் கதவு

கோட்டயத்தில் ஏலியாம்மாவின் வரவேற்பறைச் சுவரை இடித்து, அறையைத் தோட்டத்தோடு சேர்த்த ஆர்க்கிடெக்ட் ரெஜி, "இனிமே இந்த வீட்டுக்கு உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது" என்று அருள்வாக்குச் சொன்னார்.

அன்றிலிருந்து மாலைதோறும் தோட்டத்திலிருந்து பீடி வாசனை வந்தது. பழைய வாசல் இருந்த இடத்தோடு நின்றது; அறைக்குள் வரவில்லை. காலமான கணவர் குரியச்சன் உயிரோடிருந்தவரை, பீடி பிடிக்க அவரை ஏலியாம்மா வெளியேதான் துரத்துவாள்.

"உள்ள வாங்க இச்சாயா, திட்டமாட்டேன்" என்று கணவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வாசனை நகரவில்லை.

ரெஜியை வரவழைத்தாள். "மோனே, இங்க ஒரு கதவு வேணும். நான் திறந்துவிடாம அவர் உள்ள வந்ததே இல்ல."

"சுவரே இல்லையே ஆன்ட்டி! என் கான்செப்டே போயிடும்."

"உன் கான்செப்ட் வெளிய நிக்கட்டும். என் ஆளு உள்ள வரட்டும்."

தனிக் கதவு ஒன்றை நட்டார்கள். அன்று மாலை யாரோ அதைத் தட்டினார்கள். அவள் திறந்தாள். பக்கத்தில் நின்றிருந்த ரெஜி, ஏனென்று தெரியாமலே ஒதுங்கி வழிவிட்டார்.