முப்பத்தொன்றாம் உறை

ஆராய்ச்சி முடிந்து, ரகசியத் தாள் இருந்த உறையின் அரக்கு முத்திரையைக் கரீமுல்லா உடைப்பதையே டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருப்பது இரண்டே வரி. ஏ என்பது எது, பி என்பது எது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி மருந்தறையில் அந்த இரண்டு விதப் பொட்டலங்களையும் தன் கையாலேயே மடித்தவர் கரீமுல்லா. ஒன்றில் வைட்டமினும் செலினியமும் கலந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் பொடி. மற்றதில் வெறும் மாவு. பார்த்தால் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. எது எதுவென்று இரண்டு வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்கவில்லை மனிதர்.

கணையம் வீங்கி, வலியில் சுருண்டு வந்து சேர்ந்தவர்கள் அறுபது பேர். ஆளுக்கொரு ஒட்டிய உறை, வந்த வரிசைப்படி. பிரித்தால் ஏ என்றோ பி என்றோ ஒரு சீட்டு இருக்கும். அதன்படிதான் பொட்டலம். யாருக்கு எது என்பதில் டாக்டரின் இஷ்டம் நுழையக் கூடாது. ஆராய்ச்சிக்கு அதுதான் தர்மம்.

நுழைந்துவிட்டது.

முப்பத்தொன்றாவதாக வந்தவன் மிக்கேல், கொட்டிவாக்கத்து மீனவன். அவன் மனைவி அந்தோணியம்மாள் நிறைமாதக்காரி. அந்த வயிற்றோடு குனிந்து டாக்டரின் காலைப் பிடித்தாள். யாருக்குத்தான் மனசு கேட்கும்?

ஸ்ரீலக்ஷ்மி அவன் உறையை எக்ஸ்ரே பார்க்கும் விளக்கில் வைத்துப் பார்த்தாள். பி.

அதற்குள் வார்டு முழுக்க ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. ஏ-காரர்கள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார்கள். பி-காரர்கள் இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள். அப்படியானால் ஏ-தான் மருந்து. நர்ஸிலிருந்து ஆயா வரைக்கும் அடித்துச் சொன்னார்கள். எம்.டி. படிக்கிற ஸ்ரீலக்ஷ்மியும் நம்பினாள். பிழைத்தவன் சாப்பிட்டதுதான் மருந்து, இதில் சந்தேகம் என்ன?

அடுத்த உறையை விளக்கில் வைத்தாள். ஏ.

மாற்றிவிட்டாள்.

மிக்கேல் பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். இன்றைக்கும் அவனிடமிருந்து மாதம் தவறாமல் வஞ்சிர மீன் வருகிறது. மாட வீதி ஐயங்கார் பெண் வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சிரித்தபடி வாங்கி ஆயாவிடம் கொடுத்துவிடுவாள்.

அவனுக்கு அடுத்து வந்தவன் அப்துல் வஹீத். ராயப்பேட்டையில் வெல்டிங் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. மிக்கேலுக்கு வந்த பி-தான் அவனுக்குப் போனது. ஒன்பதாம் நாள் காலையில் இறந்துபோனான்.

அன்றிலிருந்து ஸ்ரீலக்ஷ்மிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தன் வாயிலிருந்து மருந்தைப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் கொடுத்தோமே என்று மறுகினாள். கேசவப் பெருமாள் சந்நிதியில் நின்றால்கூட அந்த வெல்டரின் முகம்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரியமா அது?

கரீமுல்லா தாளைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏ, மாவு. பி, மருந்து.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வஹீதிடமிருந்து அவள் பிடுங்கியது வெறும் மாவு. கொடுத்ததுதான் மருந்து. அவள் யாரையும் கொல்லவில்லை. ஒரு வருஷத்துப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியது.

அடுத்த மூச்சு வரவில்லை.

மடியில் அவளே எழுதிக் கொண்டுவந்த பட்டியல் இருந்தது. ஏ, முப்பது பேரில் இறந்தவர்கள் இரண்டு. பி, முப்பது பேரில் ஒன்பது.

திரும்பப் படித்தாள். விரல் வைத்துப் படித்தாள். மாவு தின்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள். மருந்து தின்றவர்கள் செத்திருக்கிறார்கள்.

ஒரு ஆளின் சாவை இன்னதால்தான் என்று எதன் தலையிலும் கட்ட முடியாது என்று புத்தகம் சொல்லும். சொல்லட்டும். அவள் விளக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் வஹீதுக்கு மாவுதான் போயிருக்கும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்த கரீமுல்லா, அது சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் கலங்கித்தான் இருந்தது.

"முப்பத்திரெண்டாவது ஆளு, அந்த வஹீது, என் கூடப் பொறந்த தம்பிம்மா. சொன்னா லிஸ்ட்டுலேந்து தூக்கிடுவாங்கோன்னுதான் மூச்சு வுடல. அவனுக்கு பி வந்துச்சின்னு கேட்டதும் அங்கியே அல்லாவுக்கு நன்றி சொன்னேன். ஆயுசு இல்ல, பூட்டான். ஆனா அசல் மருந்து போய்ச் சேந்துச்சே, அத்த நெனச்சித்தான் இத்தினி நாளா மனச தேத்திக்கினு கீறேன்."

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, அவர் மடித்த மருந்து எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று பார்ப்பதற்காக, அவள் மடியில் இருந்த பட்டியலுக்குக் கையை நீட்டினார்.