ஒன்பதாவது சுற்று

லீலாவதி தொப்பியை ரைஸ் குக்கரின் மேல் கவிழ்த்து, கைப்பேசியில் படம் எடுத்தாள்.

"பொட்டு ஒண்ணு வச்சி விடு லீலா, பொண்ணு பார்க்க வந்துருவாங்க," என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா.

லீலாவதி சிரிக்கவில்லை. ஆறு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். மணி ஐந்தேகால்.

மோகனா என்பவள் ரவாங்கில் உட்கார்ந்துகொண்டு குரோஷே பின்னலுக்குப் பேட்டர்ன் எழுதி இணையத்தில் விற்கிறாள். விற்பதற்கு முன் இருபது பேர் அதைச் சும்மா பின்னிப் பார்த்துத் தப்பு இருந்தால் சொல்ல வேண்டும். நூல் அவரவர் செலவு. கூலி கிடையாது. இந்த அடிமை வேலைக்கு விண்ணப்பப் படிவம் வேறு.

எத்தனை ஆண்டு அனுபவம் என்று படிவம் கேட்டது. முப்பத்தெட்டு என்று லீலாவதி எழுதினாள். கேட்டவளுக்கு வயதே முப்பத்திரண்டு. ஊசியைப் பேனா பிடிப்பது போலப் பிடிக்கிறவள்.

அனுபவம்தான் லீலாவதியுடையது. பெயர் தாயம்மாவுடையது. தன் பெயர் படிவத்தில் அடங்கவில்லை என்று சொல்லித் தாயம்மாவின் ஃபேஸ்புக் கணக்கைத் தன் கைப்பேசியில் போட்டுக்கொண்டாள். தாயம்மா ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடவுச்சொல்லைச் சொன்னாள்.

அது நடந்து நான்கு மாதம். இது நான்காவது பேட்டர்ன், சிறுபிள்ளைக்கான வெயில் தொப்பி. ஒரு வரியில் சொல்ல வேண்டியதை நான்கு வரிக்கு இழுத்து, இடையிடையே பூ, இதயம். குழுவில் இருந்த மற்ற பத்தொன்பது பேர் அதற்கும் மேல். நூல்கண்டைப் பிரிக்கும் முன்பே 'அருமை சிஸ்' என்று போட்டார்கள். கைதட்டக் கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் இவர்களை லோரியில் ஏற்றிப் போகலாம்.

ஒன்பதாவது சுற்று முடியும்போது ஐம்பத்துநான்கு கண்ணி இருக்க வேண்டும் என்று பேட்டர்ன் சொன்னது. பத்தொன்பது பேரும் 'ஐம்பத்துநான்கு, சரி' என்று எழுதியாயிற்று. லீலாவதி தன் தொப்பியை எண்ணினாள். ஐம்பத்துநான்கு.

'சரி' என்று தட்டியவள், அனுப்புவதற்கு முன் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். எட்டுக் கண்ணி விட்டு ஒன்பதாவதில் ஒன்று கூட்டவும்.

முந்தின சுற்றில் இருப்பது நாற்பத்தெட்டு. அதில் ஒன்பது ஐந்து முறைதான் போகும். ஐந்து கூடினால் ஐம்பத்துமூன்று. ஏழு விட்டு எட்டாவதில் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

எழுதியதை எழுதியபடியே பின்ன வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் ஒரே விதி. பழகிய கை அதைக் கேட்காது. கண் ஒன்றைப் படிக்கும், விரல் சரியானதைப் போட்டுவிட்டு மேலே போய்விடும். குழுவில் பாதிப் பேருக்கு அதுதான் நடந்திருக்கும். மீதிப் பேர் எண்ணியே இருக்கமாட்டார்கள். அந்தக் கும்பலில் தானும் ஒருத்தி என்பதுதான் லீலாவதிக்குப் பொறுக்கவில்லை.

தொப்பியைக் குக்கரிலிருந்து எடுத்து, முடிச்சை வெட்டி, நூலைச் சரசரவென்று உருவினாள்.

"அடியே! மூணு நாள் வேலைலா அது!"

எட்டாவது சுற்று வரை பிரித்துவிட்டு, எழுதியிருந்தபடி ஒரு சுற்று பின்னினாள். ஐம்பத்துமூன்று.

"குழுவுலயே போடு லீலா. எல்லாம் பார்க்கட்டும், அவ லட்சணத்த."

"போட்டா தூக்கிருவா."

போன மாதம் கிள்ளான்காரி ஒருத்தி தப்புச் சொன்னாள். மறுநாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. லீலாவதிக்குப் பெயர் இருந்தாக வேண்டும். 'சரி' என்று அனுப்பினால் இருக்கும். தொப்பி கோணிக்கொண்டதென்று வாங்கியவர்கள் திட்டுவார்கள், ஒற்றை நட்சத்திரம் போடுவார்கள். அப்புறம் எவள் வாங்குவாள்? நன்றாக வேண்டும் அவளுக்கு.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. 'சரி'யை அழித்துவிட்டு, மோகனாவுக்கு மட்டும் தனியாக எழுதினாள். ஒன்பதாவது சுற்று தப்பு. பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஐம்பத்துமூன்றுதான் வருகிறது. வகுத்தல் தெரியாதவர்கள் தொப்பி விற்க வரக்கூடாது.

கடைசி வரியை எடுத்திருக்கலாம். அதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

"போச்சு. என் பேரு நாறப் போவுது," என்று தாயம்மா எழுந்து சேலையை உதறினாள்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

'சாரி ஆன்ட்டி, நீங்க மட்டும்தான் கண்டுபிடிச்சீங்க. இனிமே எல்லாமே முதல்ல உங்களுக்குத்தான்.' கூடவே அடுத்த பேட்டர்ன், ஒரு படம்.

பேட்டர்னை விட்டுவிட்டு லீலாவதி படத்தைத் திறந்தாள்.

மகன் தனேஷின் பதினாறாம் நாள் காரியத்தன்று, வந்திருந்தவர்கள் எதிரில் அவள் மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். மோகனா அன்றைக்கே மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுங்கை பெசாரை விட்டுப் போனாள். மாமியாரின் கைப்பேசி எண்ணையும் ஃபேஸ்புக் கணக்கையும் பிளாக் செய்துவிட்டாள். மூன்று வருடமாகிறது.

எதைப் பின்னினாலும் மோகனா அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டுப் படம் எடுக்கிறாள். விற்பனைக்குப் போகும் படத்தில் முகத்தை வெட்டிவிடுவாள். பின்னிப் பார்ப்பவர்களுக்கு வருவதில் வெட்டுவதில்லை.

இதிலும் வெளிச்சம் போதவில்லை. ஒரு படம்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாத ஜென்மம்.

லீலாவதி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது.