தள்ளுவண்டி

காரை இன்றே விற்றாக வேண்டும். சனிக்கிழமை மகள் பில்யானாவுக்குப் பள்ளி இறுதியாண்டு விருந்து. அவள் ஆசைப்பட்ட பச்சைப் பட்டு கவுன் கடைக் கண்ணாடிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அந்த விருந்துக்கு மகளைப் பழைய உடுப்பில் அனுப்பினால், அப்புறம் ரங்கேல் தெருவில் தலை காட்ட முடியாது.

விற்பது அத்தனை சுலபமா என்ன? காரின் இஞ்சின் அப்படி. மனசு வைத்தால் ஓடும். இல்லையென்றால் நாலு இருமல் இருமிவிட்டு நடுவழியில் நின்றுவிடும். அவன் மனைவி யோர்தாங்கா காரில் ஏறும்போதெல்லாம் நடப்பதற்குத் தோதான செருப்பைக் கையோடு எடுத்துக்கொள்வாள். ஊரில் அந்தக் காரைத் தள்ளாத ஆண்பிள்ளை கிடையாது. எவன் வாங்குவான்?

அதனால்தான், பக்கத்துக் கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறியிருந்த டென்மார்க்காரர் ஆக்செல் பழைய கார் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் ரங்கேலுக்கு வாயெல்லாம் பல்லானது.

காலையிலேயே இஞ்சினைச் சூடேற்றி வைத்தான். உள்ளே கடகடவென்ற சத்தம் அமுங்க, கெட்டி ஆயிலாகப் பார்த்து ஊற்றினான். இறக்கத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

யோர்தாங்கா இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவங்க அந்த மனுஷன். மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லப் போறீங்களா?"

"பொய்யா? நானா?" என்றான் ரங்கேல். செர்பிய எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி அவன். எதிராளி பொய் சொன்னால் மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்று அங்கே பெயர் வாங்கியவன். "நான் வாயவே தொறக்கல, போதுமா?"

ஆக்செல் வந்தார். வெயிலில் சிவந்த மூக்கு, தலையில் வைக்கோல் தொப்பி. காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெரிந்த பல்கேரிய வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டார்.

"மோட்டார்... கெட்டது?"

ரங்கேல் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினான்.

பல்கேரியாவில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். மேலும் கீழுமாக ஆட்டினால்தான் 'இல்லை'. வெளிநாட்டில் இது அப்படியே தலைகீழ் என்பது ரங்கேலுக்கும் தெரியும், மேலே இருக்கிற ஆண்டவனுக்கும் தெரியும்.

"வழியில... நிக்குது?"

மறுபடியும் இடமும் வலமும்.

"நெறய தடவ?"

கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆட்டினான்.

ஆக்செலின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. ரங்கேல் ஊற்றிக் கொடுத்த ராக்கியா சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தார். மதியமே நோட்டரி முன்னால் கையெழுத்தும் ஆயிற்று. அன்று மாலை பச்சை கவுன் வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஏமாத்திட்டீங்களே" என்று அங்கலாய்த்தாள் யோர்தாங்கா.

"அடிப்பாவி, கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தானே சொன்னேன்! சர்ச்சுல வேணும்னா சத்தியம் பண்றேன் வா."

வியாழக்கிழமை சாவடியில் வண்டிகள் நீளமாக வரிசை கட்டியிருந்தன. தூரத்தில் ஒரு இருமல் கேட்டது. ரங்கேலுக்குப் பழகிய இருமல்.

கார் ஊர்ந்து ஊர்ந்து வந்து, சரியாகத் தடுப்புக் கம்பத்துக்குக் கீழே செத்துப்போய் நின்றது.

ரங்கேல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். பலிக்கவில்லை. ஆக்செல் இறங்கி, இரண்டு கையையும் விரித்தார்.

"ரங்கேல்! மோட்டார்!"

சாவடியே திரும்பிப் பார்த்தது. மனுஷன் இங்கே நின்று பணத்தைத் திருப்பிக் கேட்டால் கதை நாறிவிடும். கவுன் கடைக்கே திரும்பிப் போகும். பில்யானாவின் முகத்தை நினைத்தபோது ரங்கேலுக்கு அழுகையே வரும் போலிருந்தது.

ஆக்செல் காரின் பின்பக்கம் போய், டிக்கியைக் காட்டி, "தொறக்குது?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"வேணாம் சாமி, வேணாம்! நீ ஏறி உக்காரு!" ரங்கேல் ஏறக்குறைய அவரைத் தூக்கி உள்ளே வைத்தான். "டேய் வென்கோ! வந்து தள்ளுடா!"

இளம் காவலன் வென்கோ ஓடிவந்தான். "டிக்கியப் பாக்க வேணாமாண்ணே?"

"பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதக் கிழிக்கிறான், இவனுக்கு டிக்கியாம் டிக்கி! எனக்குத் தெரிஞ்ச மனுஷன்டா. தள்ளு!"

தள்ளினார்கள். வென்கோவுக்கு நாக்கு வெளியே தள்ளியது. "யப்பா! என்னண்ணே இந்தக் கனம் கனக்குது?"

"அந்தக் காலத்து இரும்புடா. இப்ப வர்ற தகரம்னு நெனச்சியா?"

ஆக்செல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, தொப்பியைத் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போனார். எதிர்ப்பக்க செர்பியக் காவலர்களும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தங்கள் கம்பத்தையும் தூக்கி, ஆளுக்கொரு தோள் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வேர்வையைத் துடைத்தபடி திரும்பி நடந்தான் ரங்கேல். ஒரு வார்த்தை கேட்கவில்லையே மனுஷன்! கவுன் பிழைத்தது, மானம் பிழைத்தது. அவனை அறியாமலே ஒரு சீட்டி கிளம்பியது.

உள்ளே போன் அடித்தது. எடுத்துப் பேசிய வென்கோ வெளிறிப்போய் வெளியே வந்தான்.

"அண்ணே, மேலிடத்துலேர்ந்து. ராத்திரி மியூசியத்துல ரோமானியர் காலத்துப் பளிங்குச் சிலை திருட்டுப் போயிருச்சாம். ஒரு வண்டியக்கூடச் சோதிக்காம விடக் கூடாதாம்."

ரங்கேல் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அவனிடம் இருந்த காலமெல்லாம் ஒருநாள்கூட முதல் திருகலில் கிளம்பியிராத அந்தக் கார், ஒரே திருகலில், ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பி, மேட்டில் ஜோராக ஏறிக்கொண்டிருந்தது.