மூன்று ஓட்டல் தாண்டி

"இந்த இருட்டுக்குள்ள உக்காந்து தின்னா, எலைல கெடக்கறது என்னன்னு எப்படிடா தெரியும்? வேண்டாம், வண்டியை எடு."

வள்ளியாத்தாள் கார் கதவைக்கூடத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, கோவையின் பெரிய ஏசி ஓட்டல் ஒன்று மங்கிய விளக்குகளுடன் நின்றிருந்தது.

"சரிம்மா" என்று நவீன்குமார் காரை நகர்த்தினான். முகத்தில் வருத்தம், மனசுக்குள் கும்மாளம். ஒன்று ஒழிந்தது.

சொந்த ஊரான நல்லேப்பிள்ளியிலிருந்து காலையில் கிளம்பி, வேலந்தாவளம் வழியாக வந்து, அப்பா கந்தப்பனுக்குக் கண் சோதித்து முடிக்கும்போது மணி ஒன்று. கண் சோதனை ஒரு சாக்குதான். நவீனின் திட்டமெல்லாம் மதியச் சாப்பாட்டில் இருந்தது.

அவனுக்குக் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. கம்பெனிக்குப் பின்சந்தில், சித்ரா என்பவர் தன் வீட்டு முன்பக்கத்தில் மெஸ் நடத்தினார். அவருடைய மகள் தமிழ்ப்ரியா பரிமாற ஆரம்பித்த இரண்டாம் மாதமே, என்ன சாப்பிடுகிறோம் என்பது நவீனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆறு மாதம் முன்பு அம்மாவிடம் சொன்னான். "சோத்துக் கடை வெச்சிருக்கறவிய ஊட்லயா? பேச்சை உடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பெண்ணைப் பார்க்கக்கூட வரமாட்டாளாம்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாறக்கூடாது. நவீனுக்காகப் பார்த்த ஐந்து வீடுகளிலும் பஜ்ஜி கண்ணெதிரே ஆறிப்போக, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவள். சித்தி மகன் சதீஷுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அம்மா, அதாவது இவளுடைய தங்கை, ஞாபக மறதியாக ஒரு கை மிக்சரை அள்ளிப் போட்டுக்கொள்ள, "கை நனைச்சாச்சு, இனிப் பேச்சில்லை" என்று அந்தக் கல்யாணத்தை நடத்தியே வைத்தவள்.

மிக்சருக்கே கல்யாணம் என்றால், முழுச் சாப்பாட்டுக்கு?

மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டால், அது கடைதான், பெண் வீடில்லை என்று அம்மா வழக்காடுவாள். அதனால், உள்ளே வீட்டுக் கூடத்திலேயே இலை போட்டுவிடச் சொல்லி சித்ராவிடம் ஏற்பாடு செய்திருந்தான்.

"ஏம்புள்ள, இங்க பிரியாணி நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றார் கந்தப்பன், அடுத்த கடையைப் பார்த்து.

"சனிக்கெழமைங்க. இன்னிக்குக் கவுச்சி கேக்குதா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"வவுத்துக்குக் கெழமையெல்லாம் தெரியுதா?"

"தெரியாதுன்னுதான் நாஞ் சொல்றேன். சனிக்கெழமை!"

இரண்டு ஒழிந்தது.

மூன்றாவது ஓட்டலில் வாசல்வரை வரிசை. "சோத்துக்கு வரிசைல நிக்கறதா? ரேஷன் கடைல நின்னது பத்தாதா? நீ போ கண்ணு."

"இந்த ஊர்ல அத்தனை பேரும் நாக்குக்காகவே பொழைக்கறானுக. நமக்கு மட்டும் ஒரு எலைக்கு வழியில்லை" என்று கந்தப்பன் முனகினார்.

நவீனுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. அவன் என்னென்னவோ சாக்குகள் தயார் செய்து வைத்திருந்தான். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"ஏன்டா, ஊட்டுச் சாப்பாடு மாதிரி எங்கயும் கெடைக்காதா?" என்றாள் அம்மா.

நவீன் வண்டியை மெதுவாக்கினான். "ஒரு எடம் இருக்குதும்மா. சின்ன எடம்தான்."

"சின்னதோ பெருசோ, போ. விட்டா உங்கப்பா சீட்டைக் கடிச்சுத் தின்னுருவாரு."

மெஸ்ஸில் நல்ல கூட்டம். சித்ரா வாசலுக்கே வந்தார். "வாங்க, வாங்க. முன்னால எடமில்லீங்க. உள்ள ஊட்ல உக்காந்துக்குங்க."

கூடத்தில் மூன்று இலைகள். தமிழ்ப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை நிமிராமல் சாதம் வைத்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தான் நவீன்.

அம்மா கொள்ளுப் பருப்பைப் பிசைந்து உருட்டினாள். கை வாய்வரை போனது. நின்றது.

"டேய் நவீனு, இது கடையா, ஊடா?"

"ஊ... ஊடுதாம்மா."

"ம்" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் முறை சாதம் வாங்கினாள். ரசத்துக்கு மறுபடியும் வாங்கினாள். அதற்குமேல் நவீனால் தாங்க முடியவில்லை.

"அம்மா, திட்டாதீங்க. இது தமிழ்ப்ரியா ஊடு. இந்தப் பொண்ணுதான் தமிழ்ப்ரியா. நீங்க கை நனைச்சாச்சு. உங்க சட்டம்தான், இனிப் பேச்சு மாறக்கூடாது!"

கந்தப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வள்ளியாத்தாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரலில் இருந்த ரசத்தை நிதானமாக நக்கிவிட்டு, சித்ராவின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சம்பந்தி, போன புதங்கெழமை நாங்க உங்ககிட்டச் சண்டை போட வந்தப்ப ஊத்துனீங்களே, அந்த ரசத்துல இன்னும் காரம் தூக்கலா இருந்துதுங்க. இவனா எங்களை இங்க கூட்டிட்டு வரட்டும்னு, இன்னிக்கு மூணு ஓட்டலை வேண்டாம்னு சொல்லித் தள்றதுக்குள்ள எனக்குப் பசில உசுரே போயிருச்சு!"