தோள் மாறும் நேரம்

மேனேஜர் என் இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்து வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

மேனேஜருக்கு வயது இரண்டேகால். இந்தக் கோடை முழுக்க நானும் என் மனைவியும் அவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறோம். காலை ஷிப்ட் நான். மத்தியான ஷிப்ட் அவள்.

குழந்தைகள் காப்பகத்துக்கு இரண்டு மாதம் விடுமுறை விட்டுவிட்டார்கள். அவர்கள் விடலாம், நாங்கள் விட முடியுமா?

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே போய் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். மத்தியானம் எந்தப் பேருந்தில் அவள் வந்து இறங்குகிறாளோ, அதே பேருந்தில் ஏறி நான் பார்சல் கிடங்குக்குப் போக வேண்டும். இதுதான் கடைசி நிறுத்தம். வண்டி நான்கு நிமிடம் நின்று திரும்பும்.

அந்த நான்கு நிமிடத்துக்குள் மேனேஜர் என் தோளிலிருந்து அவள் தோளுக்கு மாற வேண்டும். தூக்கம் கலையக் கூடாது.

கலைந்தால் அவள் பாடு திண்டாட்டம். இவரோடு சேர்ந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால்தான் மறுநாள் அவளால் நிற்க முடியும். முதல் வாரம் ஒருநாள் கலைந்துவிட்டது. அன்று சாயங்காலம் போன் செய்து அழுதாள். இனிமேல் இவரை எழுப்பிவிடவே மாட்டேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஆனால் மேனேஜரைத் தூங்க வைப்பது லேசுப்பட்ட காரியமா?

இன்று காலை ஆறு மணிக்கு என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். அப்போது தொடங்கிய ஆட்சி. சட்டையை நான்கு முறை கழற்றினார். தன் செருப்புகளை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். செருப்புக்குச் சுடுகிறதாம். குளியலறைக் குழாயைத் திறந்து அதன் கீழே தொப்பையை நீட்டிக்கொண்டு, விக்கல் வரும்வரை சிரித்தார்.

நானும் சிரித்தேன். உலகத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டாம் என்று தோன்றியது.

துடைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். மறுபடியும் வாளிக்குள் நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்றாவதற்குள் என்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டார்.

தோளில் போட்டு, குடை பிடித்து, மண்டையைப் பிளக்கும் வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் மட்டும் அடங்குவார். கை தொங்கிவிடும். மூச்சு என் கழுத்தில் சீராக வந்து விழும்.

பேருந்து வந்தது. அவள் கடைசி ஆளாக இறங்கினாள். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

பையை பெஞ்சில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் எதிரே, கால் விரலோடு கால் விரல் இடிக்கிற மாதிரி வந்து நின்றாள்.

இதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. அவள் கை அவருக்கு அடியில் வரும். என் கை அவர் தலையைத் தாங்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து அவரை மெல்ல, மிக மெல்லத் திருப்ப வேண்டும். வியர்வையில் ஒட்டிப்போன கன்னத்தை என் சட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

முழுதாக ஒரு நிமிடம் ஆகும். சில நாள் ஒன்றரை.

அதுவரை என் நெற்றி அவள் தலைமுடியில் இருக்கும். புதிதாய்ச் சுட்ட ரொட்டி வாசனை வரும். அவள் காதுக்குள் அன்றைய கணக்கை ஒப்பிப்பேன். சாப்பிட்டான், ஒரு தடவை விழுந்தான், ஒன்றும் ஆகவில்லை. அவள் "ம்" என்பாள், அவ்வளவுதான்.

பார்க்கிறவர்கள், பட்டப்பகலில் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். நாங்கள் வேலையில் இருக்கிறோம்.

மற்றபடி எங்களுக்கு ஏது நேரம்? ராத்திரி நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வார விடுமுறையும் ஒரே நாளில் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடக்கிறது.

கடைசி விரலையும் எடுத்துவிட்டேன். மேனேஜர் அசையவில்லை. அப்பாடா என்று ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினேன்.

பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். குடை பிடித்தபடி அவள் நடந்துகொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலே மேனேஜரின் முகம் தெரிந்தது.

இரண்டு கண்களும் கொட்டக் கொட்டத் திறந்திருந்தன.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். உடனே மூக்கு சுருங்கும் அளவுக்குக் கண்களை இறுக மூடிக்கொண்டார். சிரிப்பை மட்டும் அவரால் மூட முடியவில்லை.

போனை எடுத்தேன்.

"அவன் தூங்கல. முழிச்சிட்டுத்தான் இருக்கான்."

"தெரியும்," என்றாள். "பத்து நாளா நடிக்கிறான். வீட்டுல கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டுட்டுத்தான் தூங்குவான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன். எனக்குக் கோபம்தான். பத்து நாளாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவன் நான்.

தெருமுனையில் அவள் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"சொன்னா அவனைக் கையில குடுத்துட்டு ஓடிப்போய் சீட்டுப் பிடிப்பீங்க. அப்புறம் நாம மூணு பேரும் ஒண்ணா நிக்கிறது எப்போ?"

பேருந்து கிளம்பியது.

"நாளைக்கும் தூங்க வெச்சே தூக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.