அலமாரிக்குள் ஒரு டேப் ரிக்கார்டர்

"பாடம் நடத்தத் தெரியலைன்னா பாலக்கோட்டுல தக்காளி விக்கப் போங்க!"

மாணவர்கள் எதிரிலேயே இப்படிச் சொல்லிவிட்டார் வரலாற்றுத் துறைத் தலைவர் நூர் பாஷா. விரிவுரையாளர் தீர்த்தகிரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், துறைக்கு என்ன கருவி வாங்கலாம் என்று கூட்டம் போட்டார்கள். தீர்த்தகிரி முந்திக்கொண்டார்.

"டேப் ரிக்கார்டர் வாங்கலாங்க. நல்ல பேச்சையெல்லாம் புடிச்சு வைக்கலாம்."

"அருமையான யோசனைங்க" என்று பாஷாவே ஆதரித்தார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார் மனிதர் என்று தீர்த்தகிரி உள்ளுக்குள் சிரித்தார். வகுப்பில் பாஷா பாடத்தை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறவர். அதைப் பிரின்சிபால் காதால் கேட்டால் தலைவர் பதவி பறந்துவிடும்.

மெஷின் வந்தது. தீர்த்தகிரி அதை ஓடவிட்டு, பாஷாவின் வகுப்பறை அலமாரிக்குள் ஒளித்து வைத்தார். வகுப்பு முடிந்ததும் பிரின்சிபால் அறைக்கு நேரே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"இதைக் கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க ஐயா."

பாஷாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"ரொம்ப நாளா மனசு உறுத்துதுப்பா. உங்க முன்னாடி தீர்த்தகிரி சாரை அப்படிப் பேசுனது என் தப்பு. அவரு மாதிரி பாடம் நடத்த இந்தக் காலேஜுல ஆளே கெடையாது."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களைப் புகழ்றதை நான் கேக்கணும்னுதான் மெஷின் வாங்க வச்சீங்களா?"